கீழ்க் கடை, மேல் கடை

ஜூன் 12, புதன்

டாக்டரம்மா தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு நடந்தேன் என்று ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார். சர்க்கரை ஏறிக் கிடக்கிறதாம். "எங்கிட்டு நடக்குறது டாக்டரம்மா, எங்க ஊர்ல பார்க்கா இருக்கு?" என்றேன். எந்த ஊர் என்று கேட்டார். வெள்ளூத்து என்றேன்.

"வெள்ளூத்து அருவியா? அந்தப் பாதையில போன மாசம்தான் எங்க மாமியார் நடந்து போய்க் குளிச்சிட்டு வந்தாங்க. ரெண்டு முட்டியும் ஆபரேஷன் பண்ணினவங்க" என்றார். வருகிற வழியில் ஒரு நோட்டு வாங்கினேன்.

ஆகவே இந்த நோட்டு. பெயர் சின்னமாயன். தொழில் டீக்கடை. இடம், அருவிக்குப் போகும் பாதை தொடங்குகிற இடத்தில், வனத்துறை கேட்டுக்குப் பக்கத்தில்.

இன்று நடக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததே அலைச்சல்.

ஜூன் 14, வெள்ளி

நடக்கவில்லை. தூறல்.

அதே தூறலில் ஒரு கல்யாண வீட்டுக் கும்பல் கைக்குழந்தையோடு போய்விட்டு வந்தது. அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

நடக்கவில்லை. கூட்டம். சாரல் ஆரம்பித்துவிட்டதால் தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வேன் வேனாக வருகிறார்கள். ஷாம்பு பாக்கெட், தேங்காயெண்ணெய், துண்டு எல்லாம் மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது.

பாதையைப் பற்றியும் எழுத வேண்டும். டாக்டரம்மா படிக்கும்போது நான் ஏதோ மலையேறப் பயப்படுகிறேன் என்று நினைத்துவிடக் கூடாது. சிமென்ட் போட்ட பாதை. ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி, உட்கார இடையிடையே பெஞ்சு, ஓடைக்கு மேல் ஒரு சின்னப் பாலம். பாலத்தைத் தாண்டி இரண்டு வளைவு திரும்பினால் அருவி. வாசலில் வனத்துறை 'எளிய நடைபாதை' என்று போர்டு வைத்திருக்கிறது. வருகிறவர்கள் அந்த போர்டைப் படித்துவிட்டு, என்னிடம் வந்து, "ரொம்ப தூரமாண்ணே?" என்று கேட்பார்கள். "இந்தா, பக்கம்தான். பேசிக்கிட்டே போனா வந்துரும்" என்பேன். எல்லோருக்கும் அதே பதில்தான்.

பாதை முடிகிற இடத்தில், அருவிக்கு எதிரே இன்னொரு கடை இருக்கிறது. டீ, பஜ்ஜி, அவித்த கடலை. அதை நடத்துவது ஒச்சம்மாள். என் மனைவி.

எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. சண்டை என்றும் சொல்ல முடியாது. முந்தின வருடம் சித்திரை லீவில் ஒரு குடும்பம், "மேல பஜ்ஜி நல்லாருக்குமா?" என்று கேட்டது. "உள்ள மாவு வேகாது, பாத்து வாங்குங்க" என்றேன். கேட்டார்கள், சொன்னேன். முந்தின நாள் நான் தின்றபோது வேகவில்லை. அந்தக் குடும்பம் நேராக மேலே போய், அடுப்பு முன்னால் ஒரு கூட்டமே நிற்கும்போது, "மாவு வேகாதுன்னு கீழ்க் கடைக்காரர் சொன்னாரே, நெசமா?" என்று அவளிடமே கேட்டிருக்கிறது. படித்த குடும்பம் மாதிரிதான் இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் இறங்கி வரவில்லை. அருவிக்கு மேலே மேட்டுக்காடு என்று ஒரு ஊர். அங்கே அவள் அண்ணன் வீடு. அங்கிருந்து தோட்டத்து வழியாக அருவிக்கு வந்துவிடலாம். அன்று முதல் அவள் மேலே வந்து மேலேயே போகிறாள். நான் கீழே வந்து கீழேயே போகிறேன். நடுவில் இந்த எளிய நடைபாதை கிடக்கிறது.

இனி 'மேல் கடை' என்றே எழுதுகிறேன். நோட்டில் இடமும் மிச்சம்.

ஜூன் 18, செவ்வாய்

நடக்கவில்லை. புதுச் செருப்பு கடிக்கிறது. நடப்பதற்காகத்தான் வாங்கினேன்.

ஜூன் 21, வெள்ளி

நடக்கவில்லை.

மேல் கடைக்கு வேண்டிய பால் பாக்கெட்டும் என் கடையில்தான் இறங்குகிறது. பால் வேன் மேட்டுக்காட்டுக்குப் போவதில்லை. முகம் பார்த்து, பொறுப்பான ஆளாக இருந்தால் பையைக் கொடுத்து, "மேல கடையில குடுத்திருங்கய்யா" என்பேன். இதுவரை ஒரு பாக்கெட்கூடத் தொலைந்ததில்லை. சனங்கள் நல்லவர்கள்தான். சும்மா போகிறவனிடம் ஒரு பையைக் கொடுத்துவிட்டால் அவன் நடையே மாறிவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி பேசாமல் இருந்தால் வீட்டு வேலை நின்றுவிடாது. நடுவில் யாராவது ஓர் ஆளைப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். "அந்தாளைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள் அவள். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவன், "இப்பப் பசிக்கலைன்னு சொல்லு" என்பான். நடுவில் இருப்பது நாத்தனாராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கலாம். எங்களுக்கு டூரிஸ்ட்டுகள்.

ஜூன் 25, செவ்வாய்

போடியிலிருந்து வந்த ஒரு வாத்தியார் குடும்பம் இறங்கும்போது ஒரு தூக்குவாளியை என் முன்னால் வைத்தது. "மேல ஒரு அம்மா குடுக்கச் சொன்னாங்க." திறந்து பார்த்தேன். பாகற்காய்க் கூட்டு, கொஞ்சமாகச் சோறு.

என் சர்க்கரை மேல் கடைக்கு எப்படித் தெரிந்தது? நான் வாட்சர் ஜெயக்கொடியிடம் மட்டும்தான் சொன்னேன். வனத்துறையில் தற்காலிக வேலை பார்க்கிறான். காலையில் பாதையைத் திறப்பதும், சாயங்காலம் விசில் ஊதி எல்லோரையும் கீழே இறக்குவதும் அவன் பொறுப்பு. அவனிடம் ஒன்றைச் சொல்வது மைக்கில் சொல்வதற்குச் சமம் என்பதை மறந்துவிட்டேன்.

சாப்பாட்டைக் கொட்டுவது பாவம் என்பதால் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது. நடக்கவில்லை.

ஜூன் 26, புதன்

வாளியைக் கழுவி, மேலே போன ஒரு போலீஸ்காரரிடம் கொடுத்தனுப்பினேன். மறுபடி கூட்டு வந்தது. வெண்டைக்காய்.

ஜூலை 1, திங்கள்

புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று இறங்கி வந்தது. அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அங்கிள், மாத்திரை போட்டீங்களான்னு மேல அந்த அக்கா கேக்கச் சொன்னாங்க."

"போட்டாச்சுன்னு சொல்லும்மா."

"நாங்க திரும்ப மேல போக மாட்டோமே அங்கிள்."

"அப்படின்னா விடும்மா."

பிறகு மேலே போன ஒரு தடித்த ஆளிடம், "மேல் கடையில, போட்டாச்சுன்னு சொல்லிருங்கண்ணே" என்றேன். "என்னத்தைப் போட்டாச்சு?" என்றார். "சொன்னா அவங்களுக்குத் தெரியும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அருவியில் ஏதோ கள்ளக் கடத்தல் நடப்பதாக நினைத்திருப்பார்.

நடக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

நடக்கவில்லை. முட்டி.

ஜூலை 13, சனி

ஜெயக்கொடி டீ குடிக்க வந்தான். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான். அவன் அப்படி நின்றால் ஏதோ செய்தி இருக்கிறது என்று அர்த்தம்.

"அண்ணே, மதினி ஆடி முடியவும் திருப்பூர் போகுதாம்ல?"

"யாரு சொன்னா?"

"மதினிதான். நாகஜோதி திரும்ப வேலைக்குப் போகணுமாம், பச்சப்புள்ளயப் பாக்க ஆளு வேணுமாம். அங்கேயே இருந்துக்கப் போறேன்னுச்சு. கடையை விட்டுத் தர்றேன்னு, குத்தகைக்கு விடுற வனக்குழுவுல சொல்லிருச்சு. வேற ஆளுக்குக் குடுக்கப் போறாக."

நாகஜோதி என் மகள். மாப்பிள்ளையும் அவளும் பனியன் கம்பெனியில் வேலை. போன வாரம் போனில் பேசினாளே, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"போனாப் போகட்டும். யாரு புடிச்சு வச்சுருக்கா?" என்றேன்.

டீக்குக் காசு கொடுக்காமல் போய்விட்டான். நானும் கேட்கவில்லை.

நடக்கவில்லை. மதியம் தூக்குவாளி வந்தது. என்ன காய் என்று கவனிக்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

யோசித்துப் பார்த்தேன். மேல் கடைக்கு வியாபாரம் சரியில்லை. அதுதான் காரணம். பேரப்பிள்ளை என்பது வெளியில் சொல்வதற்கு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் திருப்பூரில் ஆளா இல்லை? நல்ல வருமானம் வருகிற கடையை யாராவது விட்டுவிட்டுப் போவார்களா? குளிருக்கு எல்லோரும் டீயை மட்டும் குடித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பஜ்ஜி ஓடுவதில்லை. அது ஓடாததற்கு யார் காரணம் என்று ஊருக்குள் ஒரு பேச்சு இருக்கலாம். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் வியாபாரத்தைத் தூக்கி நிறுத்துவது எனக்கு ஒரு பெரிய விஷயமில்லை. ஆட்கள் எல்லாரும் என் வாசலைத் தாண்டித்தானே போக வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

நடக்கவில்லை, ஆனால் வேலை நடந்தது. மேலே போன ஒவ்வொருவரிடமும், "மேல பஜ்ஜி சாப்பிடாம வந்துறாதீங்க. இந்த மாவட்டத்துலயே அப்படி ஒரு பஜ்ஜி கிடையாது" என்று சொன்னேன். வாழைக்காய் பஜ்ஜியைத் தனியாகக் குறிப்பிட்டேன். ஒரு பெரியவர், "நாங்க அருவியைப் பாக்க வந்தோம்" என்றார். "அருவி எங்க போயிரப்போகுது" என்றேன்.

ஜூலை 21, ஞாயிறு

நல்ல பலன். மேலே பஜ்ஜிக்கு வரிசை நிற்கிறதாம். மத்தியானமே கடலை மாவு தீர்ந்துவிட்டதாம். இறங்கி வந்த ஒரு பையன், "அந்த ஆன்ட்டி ரொம்ப டென்ஷனா இருக்காங்க" என்றான். வியாபாரம் பெருகினால் டென்ஷன் வரத்தான் செய்யும்.

இன்று தூக்குவாளி வரவில்லை. பாவம், நேரம் கிடைத்திருக்காது.

ஜூலை 23, செவ்வாய்

வாளி வரவில்லை.

ஜூலை 24, புதன்

வாளி வரவில்லை. ஜெயக்கொடி வந்தான்.

"அண்ணே, உங்களுக்கு மதினி மேல இன்னும் என்ன கோவம்?"

"எனக்கென்ன கோவம்?"

"பின்ன எதுக்கு இந்த நக்கல்? வர்றவன் போறவன் எல்லாம் 'ஒங்க பஜ்ஜி மாதிரி ஒலகத்துலயே இல்லையாமே, கீழ்க் கடைக்காரர் சொன்னாரு'ன்னு சிரிச்சுக்கிட்டே கேக்குறான். மதினிக்கு மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு. 'அன்னிக்கு ஒரு குடும்பத்துக்கிட்டச் சொல்லி மானத்தை வாங்குனாரு, இப்ப ஊருக்கே சொல்லி வாங்குறாரு, கடையை விட்டுப் போற நேரத்துலயும் இந்த மனுசனுக்கு ஆத்திரம் அடங்கல'ன்னு ஒரே அழுகை. ஆடி முடியுற வரைக்கும் இருக்க மாட்டேனுருச்சு. பதினெட்டுக்குக் கூட்டம் வரும், அதை மட்டும் பாத்துட்டு உடனே கெளம்புது. டிக்கெட்டே எடுத்தாச்சு."

நான் நக்கல் செய்யவில்லை என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். அவன் போய்ச் சொல்லியிருப்பான். ஆனால் நக்கல் இல்லையென்றால் பிறகு என்ன என்று கேட்பானே. அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பால் பொங்கி வழிந்துவிட்டது.

அவள் அழுதாள் என்றான். அழுகிற ஆள் இல்லை அவள். எனக்கு மனசே சரியில்லை.

ஜூலை 25, வியாழன்

பஜ்ஜியைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. கேட்டவர்களிடமும் "தெரியாது" என்றேன்.

ஜூலை 27, சனி

நடந்தேன்.

டாக்டரம்மா தேதியைக் குறித்துக்கொள்ளலாம். காலையில் கேட்டைத் திறந்ததும் கிளம்பினேன். உடம்புக்காகத்தான் போனேன். முதல் வளைவு வரைக்கும் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு பாதை லேசாக ஏறுகிறது. இவ்வளவு காலமாக இது ஏறுகிறது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. மூச்சு வாங்கியது. முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அப்போது என்னைத் தாண்டிப் போன ஒரு அம்மாள், என் வயது இருக்கும், கையில் செருப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு போனவள், நின்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "எந்திரிங்கய்யா. இந்தா, பக்கம்தான். பேசிக்கிட்டே போனா வந்துரும்" என்றாள்.

இது உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "கீழ ஒரு டீக்கடைல எப்பவோ சொன்னாங்க" என்றாள்.

திரும்பி வந்துவிட்டேன். மேலே போய் நின்று என்னத்தைச் சொல்வது என்றும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

நடக்கவில்லை. பெஞ்சு வரைக்கும் போய் வந்ததை நடந்ததாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப் பதினெட்டு

இந்த வருடம் இவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை. தாலிக்கயிறு மாற்றுகிற பெண்கள், முளைப்பாரியோடு வந்தவர்கள், சும்மா குளிக்க வந்தவர்கள். பாதையில் எறும்பு வரிசை மாதிரி போய்க்கொண்டே இருந்தார்கள்.

இன்று அவளுக்குக் கடைசி நாள். மேலே போகிறவர்களில் நம்பிக்கையான முகமாகப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லி விடலாம் என்று காலையிலேயே முடிவு செய்தேன். முதலில் ஒரு பாட்டியும் மருமகளும் வந்தார்கள். "மேல் கடையில ஒண்ணு சொல்லணும்" என்றேன். "சொல்லுங்க" என்றார்கள். "பால் திரிஞ்சுறாமப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றேன். பிறகு ஒரு பேங்க் மேனேஜர். ரொம்பப் பொறுமையான ஆள். காத்து நின்றார். "இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி, சிலிண்டரைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றேன். மதியத்துக்கு மேல் ஒரு சாமியார் வந்தார். காவி கட்டியவரிடம் சொன்னால் வெளியே போகாது என்று கிட்டக் கூப்பிட்டேன். அவர் காதைக் கொடுத்தார். "ஒண்ணுமில்ல சாமி, வழுக்கும், பாத்துப் போங்க" என்றேன்.

நடக்கவில்லை. இன்று கடையை விட்டு நகர முடியவில்லை. நிஜமாகவே முடியவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மலைமேல் ராத்திரி முழுக்க மழை. அருவியில் காட்டாற்றுத் தண்ணீர். பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது என்று ஜெயக்கொடி கேட்டைப் பூட்டிவிட்டான். வந்த வேன்களெல்லாம் திரும்பிப் போகின்றன. ஞாயிற்றுக்கிழமை கடையில் நான் மட்டும் உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை.

நாகஜோதி போன் செய்தாள்.

"அப்பா, அம்மா நாளைக்கு வரல. மேட்டுக்காட்டு ரோட்டுல மரம் விழுந்து கெடக்காம், ஜீப்பு ஓடலையாம். டிக்கெட்டை மாத்தியாச்சு. புதன்கெழமை வருது."

"சரி."

"அம்மாக்கிட்ட எதுவும் சொல்லணுமாப்பா?"

"என்னத்தைச் சொல்ல. நீ சாப்பிட்டியா?"

"மணி பதினொண்ணுப்பா. இப்ப என்னத்தச் சாப்பிட?"

"சரி, வைக்கிறேன்."

ஆகஸ்ட் 5, திங்கள்

பாதை பூட்டியிருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லை. மேலேயிருந்து எதுவும் வரவில்லை, மேலே எதுவும் போகவில்லை. பால் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டது. மேல் கடைப் பங்கை என்ன செய்வது என்று தெரியாமல் காய்ச்சி வைத்தேன்.

ஓர் ஆளாவது மேலே போனால் தேவலை. யாராவது ஒருத்தர். ஊமையாக இருந்தாலும் பரவாயில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தண்ணீர் இறங்கிவிட்டது. ஆனாலும் மேலிடத்தில் சொல்லாமல் கேட்டைத் திறக்க முடியாது என்றான் ஜெயக்கொடி. அப்படியே பேச்சுவாக்கில், மதினி கடைச் சாமான்களை ஒழித்து எடுக்க மேட்டுக்காட்டிலிருந்து வந்திருக்கிறது என்றும் சொன்னான்.

நான் இன்று வந்திறங்கிய பால் பையை எடுத்தேன்.

"எங்கண்ணே?"

"பாலு கெட்டுப் போயிரும்."

"கடையே காலி பண்ணுறாக. பாலு எதுக்கு?"

"கெட்டுப் போயிரும்னு சொல்றேன்ல. கேட்டைத் தெற."

பேசாமல் திறந்துவிட்டு, அவனும் கூடவே வந்தான். பாதை முழுக்க இலையும் சகதியும். முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டாவது பெஞ்சிலும் உட்கார்ந்தேன். பாலத்தில் பெஞ்சு இல்லாததால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெயக்கொடி ஒவ்வொரு தடவையும் வானத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். இந்தப் பாதைக்கு 'எளிய' என்று பெயர் வைத்த அதிகாரியை ஒரு நாள் கூட்டிவந்து என்னோடு நடக்கவிட வேண்டும்.

கடைசி வளைவு திரும்பியதும் அருவி. அதை நான் பார்க்கவில்லை. அவள் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். முன்நெற்றி முடியில் நரை ஏறியிருந்தது. அதை எனக்கு எந்த டூரிஸ்ட்டும் சொல்லவில்லை.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உடனே ஜெயக்கொடியைப் பார்த்தாள்.

"ஜெயக்கொடி, என்னா வேணுமாம்?"

"பாலு கொண்டாந்தேன்னு சொல்லு" என்றேன்.

"கடை இல்லாத எடத்துக்கு எதுக்காம் பாலு?"

"கெட்டுப் போயிரும்னு சொல்லு."

"கெட்டுப் போனா என்னாவாம்? இங்க கெடாதது என்னா இருக்காம்?"

ஜெயக்கொடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "எனக்கு வேலை கெடக்கு" என்று சொல்லிவிட்டு அருவிப் பக்கம் போய், ஒருத்தருமே இல்லாத தண்ணீரைப் பார்த்து விசில் ஊத ஆரம்பித்தான்.

அப்புறம் அங்கே இருந்தது ஒரு குரங்கு மட்டும்தான். கடைக் கூரையில் உட்கார்ந்திருந்தது. இரண்டு நாளாக ஆள் வராததால் அதற்கும் பசி. ஒச்சம்மாள் தலையைத் தூக்கி அதனிடம் சொன்னாள்.

"ஆளு மேல ஆளா அனுப்பி நக்கல் பண்ணியாச்சு. இப்ப நேர்லயே வந்து பண்ண வந்துருக்காக போல."

நானும் குரங்கைப் பார்த்தேன். "நக்கலு இல்ல. ஏவாரம் படுத்துப் போனதுனாலதான் கடையை விட்டுப் போறாளோன்னு நெனச்சேன். ஏவாரம் ஓடுனா இருந்துருவான்னு நெனச்சேன். அதுக்குத்தான் ஆளை அனுப்பினேன்."

சட்டியைச் சுரண்டுவது நின்றது. குரங்கு கூரையிலிருந்து இறங்கி வந்து, என் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். பால் பாக்கெட்டைக் கடித்தது. அதன் மூஞ்சியெல்லாம் பால். அதற்கு இனி எங்கள் பேச்சைக் கேட்க நேரமில்லை.

பேசுவதென்றால் நேராகத்தான் பேச வேண்டும். அருவிச் சத்தம் வேறு. மெதுவாகச் சொன்னால் கேட்காது.

"போகாத" என்றேன்.

கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள்.

"எதுக்கு?" என்றாள்.

எதுக்கு என்றால் என்ன சொல்வது? கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், கூட்டு வராது, மாத்திரை போட்டாயா என்று கேட்க ஆள் இருக்காது, இப்படி எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. சொன்னது வேறு.

"நீ மேல இருக்கேன்னுதான் நான் கீழ இருக்கேன். நீ இங்க இல்லைன்னா எனக்கு அங்க இருக்க முடியாது ஒச்சம்மா. நீ எறங்கி வந்துருவேன்னு தெனமும் சாயங்காலம் விசிலு ஊதுற வரைக்கும் பாதையவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கரி பட்டிருந்ததால் இன்னும் மோசமானது.

"அட கூறுகெட்ட மனுசா. இத்தன நாளா இத்தன சனத்தை மேல அனுப்புனியே. இதை ஒருத்தன்கிட்டயாவது சொல்லி விட்டிருக்கலாம்ல?"

"இதைப் போய் யாருகிட்டச் சொல்லி விடுறது?" என்றேன்.

அவள் சட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். பிறகு ஜெயக்கொடியைக் கூப்பிட்டு, வனக்குழுவில் கடையை யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். நாளைக்குத் திருப்பூர் போவாளாம். மகளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்றாம். ஆனால் அங்கே ஒரு ஆளை ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாளாம். வருகிற வரைக்கும் மேல் கடை அடுப்பை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இதை அவள் என்னிடமே சொன்னாள். நான் சரி என்றேன்.

ராத்திரிக்கு அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. குரங்கு உருட்டிவிடும் என்று எண்ணெய்ச் சட்டியை நான் தூக்கிக்கொண்டேன், டீ பாய்லரை ஜெயக்கொடி தூக்கிக்கொண்டான். மூன்று பேரும் பாதையில் இறங்கினோம். பாலத்தருகே வந்ததும் ஜெயக்கொடி ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு வெருசாக முன்னால் போய்விட்டான்.

அங்கிருந்து வீடு வந்து சேருகிற வரைக்கும் ஒச்சம்மாள் வாய் மூடவில்லை. வழி நெடுக என்னைத்தான் வைதாள். நேராகவே வைதாள்.